கேட்கக் கூடாத கேள்விகள்

விசா கைக்கு வந்ததிலிருந்து லிப்ட் மெக்கானிக் தன் சொந்த வீட்டுக்குள்ளேயே அழைப்பு மணி அடித்துவிட்டுத்தான் நுழைகிறார்.

சனிக்கிழமை காலையிலும் அப்படித்தான். பால் பாக்கெட்டும் கையுமாக வாசலில் நின்று மணியை அழுத்தினார். கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே அவர் மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பது நன்றாகவே தெரிந்தது.

"திறந்துதானே இருக்கு? வாங்களேன்."

"நீ வந்து திறக்கணும்."

"திறந்திருக்கிற கதவை எப்படிங்க திறக்கிறது?"

"சாத்திட்டுத் திற. அங்கல்லாம் யாரும் இப்படித் திறந்து போட்டிருக்க மாட்டாங்க."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர் முகத்துக்கு நேராகக் கதவைச் சாத்தினாள். திரும்பிப் போய் மிச்ச வெங்காயத்தையும் நறுக்கி முடித்தாள். அப்புறம் நிதானமாக வந்து திறந்தாள்.

"யாரு நீங்க? முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறீங்க?"

மெக்கானிக்கின் முகம் மலர்ந்துவிட்டது. "சபாஷ்! இப்பதான் உனக்குப் பிடிபட்டிருக்கு."

"பால் திரிஞ்சிடும். உள்ள வாங்க."

இதெல்லாம் எங்கே ஆரம்பித்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். மகள் படிக்கப் போன நாட்டிலேயே வேலை தேடிக்கொண்டு, அந்த நாட்டுப் பிள்ளையையே கல்யாணமும் செய்துகொண்டாள். மாப்பிள்ளையின் அப்பா அம்மாவோடு முதன்முதலாக வீடியோவில் பேசிய அன்று, மெக்கானிக்கின் மனைவி பாசத்தோடு மூன்று கேள்விகள் கேட்டாள். வீடு சொந்த வீடா? மாப்பிள்ளைக்குக் கையில் எவ்வளவு வரும்? சம்பந்தியம்மா ஏன் காலை இழுத்து இழுத்து நடக்கிறார்கள், மூட்டுவலியா? நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்த மகள் மூன்றாவது கேள்வியை மொழிபெயர்க்கவே இல்லை. அன்று சாயங்காலம் தனியாகக் கூப்பிட்டாள்.

"அம்மா, இங்க அப்படியெல்லாம் கேக்க மாட்டாங்கம்மா. உடம்பு, பணம், குழந்தை, இந்த மூணையும் தொடவே கூடாது. அவங்களா சொன்னா கேட்டுக்கணும், அவ்வளவுதான். ப்ளீஸ்மா."

அந்த 'ப்ளீஸ்'தான் மெக்கானிக்கைக் குத்தியது. பெற்ற மகள் நம்மால் தலைகுனியும்படி ஆகிவிட்டதே! அன்றே ஒரு முடிவுக்கு வந்தார். அந்த ஊருக்குப் போய் இறங்கும்போது, அந்த ஊர் மனிதர்களைத் தலையிலிருந்து கால்வரை புரிந்துகொண்டவராகத்தான் இறங்குவார்.

அவர் எதையும் 'அப்படித்தான்' என்று ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. பொத்தானை அழுத்தினால் பெட்டி ஏன் மேலே வருகிறது என்று கேட்டே இந்தத் தொழிலுக்கு வந்தவர். ஒரு நாட்டின் பழக்கத்துக்குப் பின்னாலும் ஒரு காரணம், ஒரு பல்சக்கரம், ஒரு கம்பி இருந்தே தீரும் என்று நம்பினார். நூலகத்தில் புத்தகம் எடுத்தார். வேலைவிட்டு வந்ததும் வீடியோக்கள் பார்த்தார். ஒவ்வொன்றாகப் புரியப் புரிய, கிடைத்தவர்களுக்கெல்லாம் விளக்கினார்.

"அங்க ஒவ்வொரு வீட்டுக்கும் ரெண்டு வாசக்கதவு. ஒண்ணைச் சாத்தின பிறகுதான் இன்னொண்ணைத் திறப்பாங்க. ஏன்? உள்ள சுவரோரமா வெந்நீர்க் குழாய் ஓடுது. வெளிய உறையற குளிர்னாலும் உள்ள அரைக்கை சட்டைதான். கதவைத் திறந்து வச்சா அந்தச் சூடு போயிடும். அதனால வாசல்ல நின்னு ஊர்க்கதை பேசற பழக்கமே வளரல. அதனாலதான் யாரும் சொல்லாம வர்றதில்ல. பாத்தியா, ஒண்ணைப் பிடிச்சா இன்னொண்ணு வருது!"

அதற்குப் பிறகு அவருக்கு ரொம்பப் பிடித்த இடம் வரும். குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"குளிர்காலம் முழுக்க அதே நாலு சுவர், அதே முகங்க. மூச்சு முட்டாதா? அதனால ஒவ்வொருத்தரும் மனசுக்குள்ள ஒரு அறை வச்சிருக்காங்க. அந்தக் கதவை யாரும் தட்டறதில்ல. அதான் அங்க மரியாதை."

மனைவி கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். மயிரிழைக் கீறலையும் வெளிச்சத்தில் ஒரு திருப்புத் திருப்பிக் கண்டுபிடித்துவிடுகிற கண் அவளுக்கு. இந்த விளக்கத்தையெல்லாம் கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவுவாள். ஒரு நாள் மட்டும் கேட்டாள்: "அது அவங்களுக்குச் சரி. நாம எதுக்குங்க நம்ம பொண்ணுகிட்ட அப்படி இருக்கணும்?"

"பழக்கம் ஒரே நாள்ல வந்துடுமா? வீட்ல பழகினாதான் அங்க வரும். இல்லன்னா சம்பந்தி முன்னாடி வாய் தவறிடும் உனக்கு."

அவளும் பழகிக்கொண்டாள். பழக்கிவைத்தார் என்று சொல்வதே சரி. வாராவாரம் சனிக்கிழமை மகளோடு பேசும்போது மனைவி ஏதாவது கேட்க வாயெடுத்தால், மேஜைக்கு அடியில் அவர் கால் அவள் கால்மேல் மெதுவாக ஏறி அமரும்.

இன்று டிக்கெட் எடுக்க வேண்டிய நாள். சலுகை விலை இன்றோடு சரி. எந்தத் தேதியில் வந்தால் தோது என்று மகளிடம் கேட்டுவிட வேண்டும். டிக்கெட் போட்டுத் தருவதற்காக மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். வாடகைக் கார் ஓட்டுகிறவன். பயணி ஏறியதிலிருந்து இறங்குகிறவரை இவன் வாய் மூடாததால் அவனுக்குச் சொந்த பந்தமெல்லாம் வைத்த பெயர் 'ரேடியோ'.

மணி அடிக்காமல் நேராக உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, "அக்கா, டீ!" என்றான்.

"மணி அடிச்சியா?" என்றார் மெக்கானிக்.

"அத்தான், நான் உங்க வீட்டுக்கு வர்றேன். உங்க சம்பந்தி வீட்டுக்கு இல்ல."

"இன்னிக்கு அவ பேசும்போது நீ கேமராவுக்கு வெளிய உக்காரு. வாயைத் திறக்காத. அங்க ஒருத்தர் பேசி முடிச்சு, கொஞ்சம் இடைவெளி விட்டுத்தான் அடுத்தவர் பேசுவாங்க."

"அவ்வளவு நேரம் வாயை மூடிக்கிட்டு இருந்தா என் காதுல புகை வரும்."

"பிஸ்கட் தரேன். தின்னுக்கிட்டே இரு."

சாப்பாட்டு மேஜைமேல் மடிக்கணினியை நிறுத்தினார்கள். ரேடியோ சுவரோரம் முக்காலியில் பிஸ்கட் பாக்கெட்டோடு அமர்ந்தான். சொன்ன நேரத்துக்குத் திரையில் மகள் வந்தாள்.

கையில்லாத வெள்ளைச் சட்டை. கழுத்தில் வழக்கமான பச்சைத் துணியைச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தாள். குரல் கரகரத்தது.

"எப்படிப்பா இருக்கீங்க?"

"நாங்க நல்லா இருக்கோம்மா. அங்க பனி எப்படி?"

"குறைஞ்சிருக்குப்பா."

"ஜன்னல்ல பூ மாதிரி ஐஸ் படியுமாமே, அது உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

மகள் ஒரு நொடி ஜன்னல் பக்கம் திரும்பினாள். "நான் கவனிக்கலப்பா."

"உள்பக்கமாத்தான் இருக்கும். மூச்சுல இருக்கிற ஈரம்தானே படியுது?"

"ம்."

"நல்லா இருக்கியா பாப்பா?" என்றாள் அம்மா.

"நல்லா இருக்கேம்மா." மகளின் விரல்கள் கழுத்துத் துணியின் முடிச்சில் போய் நின்றன. அங்கேயே நின்றன.

அம்மாவின் உதடு பிரிந்தது. மேஜைக்கு அடியில் அவர் கால் ஏறியது. உதடு மூடிக்கொண்டது.

"அப்ப தேதியைப் பாத்துடுவோமா?" என்றார் மெக்கானிக். "மாசக் கடைசின்னா உங்களுக்குத் தோதா?"

"பாக்கலாம்ப்பா... அவர்கிட்டயும் கேட்டுட்டு..."

"கேளு, கேளு. நிதானமா கேட்டுச் சொல்லு. நாங்க அவசரப்படுத்தல."

பேச்சு நின்றது. புத்தகத்தில் சொன்ன அந்த மரியாதையான இடைவெளி இதுதான் என்று மெக்கானிக் திருப்தியோடு காத்திருந்தார். முக்காலியிலிருந்து ரேடியோ எழுந்து வந்ததை அவர் பார்க்கவில்லை. பிஸ்கட் தூள் ஒட்டிய முகம் திரைக்குள் நுழைந்த பிறகே பார்த்தார்.

"ஏன் பாப்பா, வீட்டுக்குள்ள வெந்நீர்க் குழாய் போட்டு அனல் பறக்குதுன்னு உங்கப்பா எங்களுக்கெல்லாம் கிளாஸ் எடுக்கிறாரு. நீயும் கையில்லாத சட்டைதான் போட்டிருக்க. கழுத்துக்கு மட்டும் என்ன குளிரு? போன தடவையும் அதே துணிதானாமே, அக்கா சொல்லுச்சு. கழட்டு பாப்போம்."

"டேய்!" மெக்கானிக்கின் கால் அவனை எட்டவில்லை.

மகள் முடிச்சை அவிழ்த்தாள். துணி மடியில் விழுந்தது.

கழுத்தின் அடியில், குறுக்காக, சற்றே வளைந்து ஒரு கோடு. இன்னும் சிவப்பு மாறாத கோடு.

அம்மா எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. "என்னடி இது? பாப்பா, என்னடி இது?"

"கட்டிம்மா. தொண்டையில. எடுத்துட்டாங்க. பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்க. குரல்தான் இன்னும் திரும்பல."

"எப்ப?"

"ரெண்டு மாசமாச்சு."

"ரெண்டு மாசமா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேடி!"

"முதல்ல மறைக்கத்தாம்மா துணியைக் கட்டினேன். நீங்க பயந்துடுவீங்கன்னு." மகள் நிறுத்தி, எச்சில் விழுங்கினாள். விழுங்கும்போது அந்தக் கோடும் சேர்ந்து அசைந்தது. "அப்புறம் நீங்க கேப்பீங்கன்னுதான் கட்டினேன். கேட்டா உடனே சொல்லிடலாம்னு இருந்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் இன்னிக்குக் கேப்பாங்க, இன்னிக்குக் கேப்பாங்கன்னு... அப்பா பனி எவ்வளவு உயரம்னு கேட்டாரு."

மெக்கானிக் திரையை நோக்கிக் குனிந்தார்.

"நீதானேம்மா," என்று ஆரம்பித்தார். "நீதானே உடம்பைப் பத்திக் கேக்கக் கூடாதுன்னு..."

"அவங்ககிட்டப்பா! அவங்ககிட்டக் கேக்காதீங்கன்னு சொன்னேன். என்கிட்டயுமா?"

மெக்கானிக் மேஜைக்கு அடியிலிருந்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"கூட யாரும்மா இருந்தா உனக்கு?" என்று அம்மா அழுதுகொண்டே கேட்டாள்.

"அத்தை. அவரோட அம்மா. தினமும் வந்தாங்க. என்ன ஏதுன்னு ஒரு கேள்வி கேட்டதில்ல. வந்து ஜன்னலைத் துடைப்பாங்க, செடிக்குத் தண்ணி ஊத்துவாங்க, கட்டில் பக்கத்துல ஒரு நாற்காலி போட்டுச் சும்மா உக்காந்திருப்பாங்க. சாயங்காலம் எழுந்து போவாங்க. காலை இழுத்து இழுத்து, மூணு மாடி ஏறி வந்தாங்கம்மா. இங்க கேக்க மாட்டாங்க. ஆனா வந்துடுவாங்க."

புத்தகத்தில் இந்தப் பாதி இருந்ததா, இல்லை, படிக்கிற ஆர்வத்தில் தான்தான் தாண்டிப் போய்விட்டோமா என்று மெக்கானிக் யோசித்துப் பார்த்தார். நினைவுக்கு வரவில்லை.

"நாங்களும் வர்றோம்," என்றார் அவசரமாக. "மாசக் கடைசி வேண்டாம். அடுத்த வாரமே வர்றோம். ரெண்டு டிக்கெட்டும் இப்பவே..."

"அப்பா." மகள் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "அம்மா மட்டும் வரட்டும்ப்பா."

ரேடியோ பிஸ்கட் பாக்கெட்டைக் கீழே வைத்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க வந்தா எல்லாத்தையும் சுத்திக் காட்டணும்னு தோணும். அது ஏன் அப்படி, இது ஏன் இப்படின்னு கேப்பீங்க. எனக்கு அவ்வளவு பேசற தெம்பு இப்ப இல்ல. அப்புறமா வாங்க. அம்மா வந்தா... சும்மா பக்கத்துல படுத்துக்குவேன்."

"சரிம்மா," என்றார் மெக்கானிக். "அதுதான் சரி."

திரை அணைந்த பிறகு மனைவி அவர் பக்கம் திரும்பினாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை.

"பொங்கிப் பொங்கி வந்துச்சுங்க எனக்கு. குரல் சரியில்லையேன்னு அன்னிக்கே உங்ககிட்டச் சொன்னேன். குளிர்னீங்க. துணியைச் சொன்னேன். அந்த ஊர் ஸ்டைல்னீங்க. அவகிட்டக் கேக்கலாம்னு வாயைத் திறந்தா என் காலை மிதிச்சீங்க."

"நான் வேணும்னு..."

"வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியும். அதை வச்சு நான் என்ன பண்ண?" விழுந்த நாற்காலியை நிமிர்த்தி வைத்தாள். "மிதிச்சா மிதிக்கட்டும்னு கேட்டிருக்கணும். என் பொண்ணு. நானும் வாயை மூடிக்கிட்டுத்தானே இருந்தேன்."

அவள் உள்ளே போய் அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டது. பயணத்துக்கு என்று இருவருக்கும் வாங்கிய கனத்த கோட்டுகளில் தன்னுடையதை மட்டும் உதறி எடுப்பது கேட்டது.

ரேடியோ போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். வழக்கத்துக்கு மாறாக மெதுவாகப் பேசினான். "அத்தான்... எத்தனை சீட்டு போட?"

"ஒண்ணு."

"பாப்பா ஏதோ அந்த நேரத்துக்குச் சொல்லுது. ரெண்டா போட்டு வைப்போமே..."

"ஒண்ணுதான்டா. போடு."

அப்போது மெக்கானிக்கின் போன் அடித்தது. கம்பெனியிலிருந்து. ஒரு வணிக வளாகத்தில் லிப்ட் நடுவழியில் நின்றுவிட்டது, உள்ளே ஒரு பெண் இருக்கிறார், இன்று அவசர அழைப்புக்கு மெக்கானிக்தான் பொறுப்பு. கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். வீட்டைவிட்டுப் போக ஒரு காரணம் கிடைத்ததே என்று நிம்மதிப்பட்டதற்காக அந்த நிமிடம் தன்னையே வெறுத்தார்.

வளாகத்தின் வாசலில் 'மீசை' என்று எல்லோரும் கூப்பிடுகிற அவருடைய கூட்டாளி ஏற்கெனவே வந்து நின்றிருந்தான். நாலாவது மாடியில் ஒரு பல் மருத்துவமனை. பல் பிடுங்கிக்கொண்டு கீழே இறங்கிய பெண்தான் மாட்டியிருக்கிறார். மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் பெட்டி நிற்கிறது.

"நீ மேல போ," என்றார் மெக்கானிக். "மெயினை அணைச்சுட்டுக் குரல் கொடு. நான் மூணாவது மாடிக் கதவுகிட்ட நிக்கிறேன்."

இதில் ஒரு முறை இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்தாமல் யாரும் எதையும் தொடக் கூடாது. பிறகு ஒருவர் மோட்டார் அறையில் பிரேக்கை நெம்பித் தளர்த்திக்கொண்டு, பெரிய சக்கரத்தைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்ற வேண்டும். பெட்டிக்குள் ஒரே ஆள் என்றால் பெட்டியைவிட மறுபக்கம் தொங்கும் எதிர் எடைதான் கனம். அதனால் பெட்டி மேல்நோக்கித்தான் நகரும். மேல் மாடியின் தளத்துக்குச் சரியாக வந்ததும் அங்கே நிற்பவர் முக்கோணச் சாவியால் கதவைத் திறப்பார். மேலே இருப்பவருக்குக் கை வேலை. கதவருகில் நிற்பவருக்கு வாய் வேலை. உள்ளே இருப்பவரோடு பேசிக்கொண்டே இருக்க வேண்டும். லிப்டில் மாட்டிக்கொண்ட யாருக்கும் காற்று தீர்ந்துபோவதில்லை, கயிறு அறுந்துபோவதில்லை. வெளியே யாரும் இல்லையோ என்கிற எண்ணம்தான் அவர்களை உலுக்கும். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு மெக்கானிக் முதலில் சொல்லித்தருவதே இதைத்தான்.

கதவில் வாயை வைத்தார். "அம்மா! லிப்ட் மெக்கானிக் வந்திருக்கேன். கேக்குதா?"

உள்ளே ஏதோ முனகல்.

"பல்லு பிடுங்கி வாய் நிறையப் பஞ்சு வச்சிருக்காங்க," என்றாள் பின்னால் நின்ற மருத்துவமனை வரவேற்பாளர். "பேச முடியாதுங்க அவங்களால."

"அம்மா, பேச வேண்டாம். தட்டுங்க போதும். ஆமான்னா ஒரு தட்டு, இல்லன்னா ரெண்டு தட்டு. சரியா?"

ஒரு தட்டு.

"கதவுகிட்ட நிக்கிறீங்களா?"

ஒரு தட்டு.

"பின்னாடி போய்ச் சுவர்ல சாஞ்சு நில்லுங்க. காலு நடுங்குதா?"

சற்றுப் பொறுத்து ஒரு தட்டு.

"அப்ப தரையில உக்காந்துடுங்க. சேலை அழுக்கானா பரவாயில்ல, கம்பெனியில துவைச்சுத் தரச் சொல்றேன். வாய் வலிக்குதா?"

தட்டு. ரொம்பப் பலமாக.

"பிடுங்கினது கடைவாய்ப் பல்லா?"

தட்டு.

"கூட யாராவது வந்தாங்களா?"

இரண்டு தட்டு.

"தனியாவா வந்தீங்க? பல்லு பிடுங்கத் தனியா வரலாமா? வீட்ல யாருக்காவது போன் போடட்டுமா?"

இந்த முறை தட்டுகள் வரவில்லை. மெக்கானிக் நிறுத்தவில்லை. மயக்கமாக இருக்கிறதா, வெளிச்சம் எரிகிறதா, கைப்பையில் தண்ணீர் இருக்கிறதா, கொஞ்சம் அழுதீர்களா, அழுதால் தப்பில்லை, நான் இங்கேதான் நிற்கிறேன், கேட்கிறதா. உடம்பைப் பற்றித்தான் அத்தனை கேள்வியும். முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம், மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, நாக்கு கூசாமல் அவர் கேட்டுக்கொண்டே போனார்.

மேலிருந்து மீசையின் குரல் வந்தது. கயிறுகள் முனகின. பெட்டி அங்குலம் அங்குலமாக ஏறித் தளத்தோடு சமமானது. மெக்கானிக் சாவியைச் செருகித் திருப்பினார்.

அந்தப் பெண் தரையில் கைப்பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. எழுந்து வெளியே வந்து, பஞ்சைக் கைக்குட்டையில் துப்பிவிட்டு, மரத்த வாயால் குழறிக் குழறிச் சொன்னார்: "நடுவுல நான் தட்டல. நீங்க போயிடுவீங்களோன்னு பயமா இருந்துச்சு. போகல."

மெக்கானிக் தலையை ஆட்டினார். மாடிப்படியில் மேலே ஏறிவிட்டார்.

மோட்டார் அறையில் மீசை பழுதைக் கண்டுபிடித்திருந்தான். மூன்றாவது மாடிக் கதவின் தொடுமுனை தேய்ந்திருந்தது. கதவு மூடியிருந்தும் மூடவில்லை என்று பெட்டிக்குச் சேதி போயிருக்கிறது. அதனால் அது உள்ளே இருந்தவரையும் வைத்துக்கொண்டு அப்படியே நின்றிருக்கிறது. வேறு நாளாக இருந்தால் மெக்கானிக் இதை வைத்து ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

"அண்ணே, மூஞ்சி ஏன் ஒரு மாதிரி இருக்கு? வீட்ல சண்டையா?" என்றான் மீசை.

பார்த்த உடனே கேட்டுவிட்டான். எவ்வளவு சுலபமாக வருகிறது இவனுக்கு!

"கீழ போய் டீ குடிச்சுட்டு வா," என்றார் மெக்கானிக். "நான் இங்க கொஞ்சம் உக்காந்திருக்கேன்."

மீசை போனதும் போனை எடுத்தார். இது சனிக்கிழமைப் பேச்சு நேரம் இல்லை. கூப்பிடுகிறேன் என்று முன்கூட்டிச் சேதி அனுப்பவும் இல்லை. மகள் எடுக்காமல் போகலாம். எடுத்து, 'அப்புறம் பேசறேன்ப்பா' என்று வைத்துவிடலாம். அம்மா மட்டும் வரட்டும் என்று சொன்னவளை மறுபடியும் தொந்தரவு செய்ய இவருக்கு என்ன உரிமை இருக்கிறது? இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் விரல் பொத்தானை அழுத்திவிட்டது.

வெகுநேரம் மணி அடித்தது.

"அப்பா?" கரகரத்த குரல். "என்னப்பா, என்ன ஆச்சு? அம்மாவுக்கு ஏதாவது...?"

"ஒண்ணும் இல்லம்மா. அம்மா நல்லா இருக்கா. துணி அடுக்கிட்டு இருக்கா."

"அப்புறம்?"

ஏன் கூப்பிட்டேன் என்பதற்கு விளக்கம் சொல்ல வாயெடுத்தார். மன்னிப்பு கேட்பதற்கு ஒரு முன்னுரையும் மனதில் ஓடியது. இரண்டையும் விட்டுவிட்டார்.

"வலிக்குதா பாப்பா?"

எதிர்முனையில் சத்தமில்லை. இந்த முறை அவர் அதைப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

"முழுங்கும்போது வலிக்குதா? தூக்கம் வருதா? யாரு தலை பின்னி விடறாங்க, கையைத் தூக்க முடியுதா உனக்கு? மாப்பிள்ளை பக்கத்துல இருக்காரா? பதில் சொல்லத் தெம்பு இல்லன்னா சொல்லாத. போனை வைக்காம இரு, போதும். அப்பா கேட்டுக்கிட்டு இருக்கேன்."

மூச்சு கேட்டது. மூக்கை உறிஞ்சும் சத்தம். அதற்கும் பின்னால் வேறு யாரோ நடமாடும் அரவம், ஓர் ஆண் குரல், அவருக்குப் புரியாத மொழியில் ஏதோ கேட்டது. மகள் அதே மொழியில் சுருக்கமாக ஒரு பதில் சொன்னாள்.

பிறகு வாயைப் போனுக்கு வெகு அருகில் கொண்டுவந்து, மிக மெதுவாகச் சொன்னாள்.

"வச்சிடாதீங்கப்பா. கதவைச் சாத்திட்டு வரேன்."